தொண்ணூற்றொன்பது கூடை

"சர்வர் இல்லாம இதெல்லாம் ஓடாதும்மா. படிச்ச பசங்களே கைய விரிச்சிட்டாங்க."

எங்கள் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இயக்குநர் இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் சொன்ன படித்தவர்களில் நான் இல்லையா?

மீனவ ஊர்களில் எந்தப் படகு எத்தனை கூடை மீனோடு கரை சேர்ந்தது என்று எங்கள் அலுவலக ஆட்கள் அன்றாடம் எழுதி வாங்கிவருவார்கள். அதைப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவது, அலுவலகத்தில் நான் அக்கா என்று கூப்பிடுபவரின் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தார். அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் வேறு. அது அக்காவின் கோப்புகளை நேரடியாகத் திறக்காது. நடுவில் ஒரு சர்வர் வேண்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டிருந்தார்கள். நான் பழைய சிடிக்களைக் கிளறி, ஒரு சின்ன இணைப்பு நிரலைத் தேடிப் பிடித்து, என் மேசைக் கணினியிலேயே நிறுவினேன். கோப்புகள் இருந்த ஃபோல்டரைக் காட்டியதும், அறிக்கை மென்பொருள் அவற்றை அட்டவணையாக விரித்துக் காட்டியது. அலுவலகமே என் மேசையைச் சுற்றி நின்றது.

அக்கா மட்டும் திரைக்கருகே குனிந்து பார்த்தார். "டிகிரி மேடம், தொண்ணூத்தொம்பது எப்படி வருது? கணக்குல சேக்காதேன்னு நான் என் பக்கம் சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பக்கத்துக்கு அது தெரியுமா?"

ஊரில் சாவு விழுந்தால் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அந்த நாளுக்கு அக்கா போடும் அடையாள எண் தொண்ணூற்றொன்பது. பூஜ்யம் போட்டால் போதாதா என்று நான் முன்பு ஒருமுறை கேட்டிருந்தேன். "போயிட்டு வெறுங்கையா வர்றதும் போகாம இருக்கிறதும் ஒண்ணாம்மா?" என்றார். கடற்கரையில் வளர்ந்த எனக்கு அது புரியாமலில்லை.

ஆனாலும் அன்று, "அதெல்லாம் அதுவே பாத்துக்கும்க்கா" என்றேன். சோதித்துப் பார்க்கவில்லை.

நான் நிறுவிய இணைப்பு, எண்ணை மட்டும்தான் கொண்டுவந்தது. அதைச் சேர்க்கக் கூடாது என்ற குறிப்பு அக்காவின் மென்பொருளிலேயே தங்கிவிட்டது. மீனவர் கூட்டத்தில் இயக்குநர் அறிக்கையைத் திரையில் போட்டபோது, சாவு விழுந்த நாட்களெல்லாம் மீன் கொட்டிய நாட்களாக நின்றன. பின்வரிசையில் ஒருவர், "பாடை தூக்குன அன்னிக்கு எங்களுக்கு இவ்வளவு மீனா? சொல்லியிருந்தா தினம் ஒருத்தர் படுத்திருப்போமே" என்றார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமானது.

"யாரு இதை ஏத்துனது?" என்றார் இயக்குநர்.

"தொண்ணூத்தொம்பது நான் போட்டதுதான் சார்" என்று எழுந்த அக்கா என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்ல வேண்டும். நான் புரொஜக்டரின் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். சர்வர் இல்லாமல் சாதித்த பெண் என்ற பேர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த ஆண்டு அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் போன மறுவாரம், தொண்ணூற்றொன்பதை விலக்கும் ஒற்றை வரியை அறிக்கையில் எழுதினேன். ஐந்து நிமிட வேலை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இணைப்பு இன்றும் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை வரி வரும்போது என் குரல் இறங்கிவிடுகிறது.

போன வாரம்தான், அன்று நடந்ததையெல்லாம் எழுதி, என் கையெழுத்துப் போட்டு இயக்குநரிடம் கொடுத்தேன். நகலோடு கீழவாஞ்சூருக்குப் பேருந்து ஏறினேன். அங்கே துறைமுகம் கட்டிய பிறகு அக்கா அதில் லாரிகளுக்கு நுழைவுச் சீட்டு எழுதுகிறார். வாசலுக்கு வந்தவர் நின்றபடியே படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "லாரி நிக்குதும்மா" என்று காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.