கத்தரிக்காய் தெரிந்த தூரம்

நான் கணினியில் வரையும் தமிழ் எழுத்துருக்களில் எல்லோரும் கேட்டு வாங்குவது தடித்த ஒன்றைத்தான். எல்லாம் வட்டமும் நேர்கோடும். ஒரு நெளிவு கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்க்கிறவர்கள் என் திறமையை மெச்சுகிறார்கள். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொள்கிறேன். உண்மையில் அது என் அம்மாவுடையது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் சட்டை அச்சடிக்கும் கடையில் வேலை செய்தார். தைப்பூசத்துக்கு எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர் எழுதும் பொறுப்பு அந்த வருடம் அவரிடம் வந்தது. மயிலும் வேலும் வைத்து, வால் சுருண்ட எழுத்தாக எழுதுவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மாவோ பால்மாவு டின் மூடியை வைத்து வட்டம் போட்டார். அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்தார். அட்டையில் எழுதி, மாடி நடைபாதையின் கடைசியில் போய் நின்று தூக்கிப் பிடித்தார்.

“தெரியுதா பாப்பா?”

“தெரியுதும்மா. தண்ணீர்ப் பந்தல்!”

அம்மா சிரிக்கவில்லை. வேறு அட்டையைக் காட்டினார். அதற்கும் தண்ணீர்ப் பந்தல் என்றேன். பேனரில் வேறென்ன இருக்கப்போகிறது? கோட்டைத் தடியாக்கிக்கொண்டே போனார், நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓர் அட்டையைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

“அம்மா, இது கத்தரிக்காய்!”

அம்மா அங்கேயே உட்கார்ந்து புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேனருக்கு அந்தத் தடிமனே முடிவானது. மஞ்சள் துணியில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான்.

“என்னக்கா, கப்பல் கண்டேனர்ல எழுதுன மாதிரி இருக்குலா,” என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி.

“இருக்கட்டும்லா. தெரியுதுல்ல?”

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு காவடியின் பின்னாலேயே போய், அம்மாவின் கையை விட்டுவிட்டேன். திரும்பினால் எல்லா முகமும் கலங்கி ஒரே முகமாக இருந்தது. பந்தல்களும் அப்படித்தான். அழுதுகொண்டே நடந்தேன். தூரத்தில், தலைகளுக்கு மேலே, எங்கள் பேனரின் தடித்த எழுத்து மட்டும் தெரிந்தது. ஓடினேன். அம்மா திட்டக்கூட இல்லை, இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மறுவாரம் எனக்குக் கண்ணாடி வந்தது. நடைபாதைக் கடைசியில் ஒரு தீயணைப்பான் தொங்குவதே அன்றுதான் தெரியும். அங்கே அம்மா எழுத்தைச் சோதிக்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அட்டைக்கு அட்டை வேறு சொல் எழுதி அவர் சோதித்தது என் கண்ணை. அது எட்டும் அளவுக்கு ஓர் எழுத்தைச் செய்து, ஊர்க் கூட்டத்தில் உயரத் தொங்கவிட்டிருக்கிறார். இன்று சோறு போடுவதும் அந்த எழுத்துதான். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லி மாளாது.

அன்று நன்றி சொல்லத் தெரியவில்லை. பந்தலில் மோர் குடித்துக்கொண்டு, நம் பேனரில் மட்டும் மயில் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் கையை அப்போதும் விடவில்லை.