கன்ட்ரி பாட்டும் ஒரு கட்டிலும்

அன்று அறையில் இருந்தவர்கள்: குளச்சல் அண்ணன், சைட்டில் பலகை அடிக்கிறவர். ராமநாதபுரத்துப் பாய், மெஸ் சமையல். நேபாளி, கம்பி கட்டுகிறவன். பிலிப்பினோ, கரண்டு வேலை. கென்யாக்காரன், ராத்திரி செக்யூரிட்டி. நான், ஏசி மெக்கானிக். வாசலில் கேம்ப் பாஸ், மலையாளி.

துபாய், சோனாப்பூர் லேபர் கேம்ப். ஞாயிற்றுக்கிழமை மதியம். கென்யாக்காரன் எங்கள் அறையில் இருப்பதா, வேறு அறைக்குப் போவதா என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். புகார் கொடுத்தது அண்ணன். காரணம் பாட்டு.

நாங்கள் சைட்டிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும் நேரத்தில் அவன் டூட்டிக்குக் கிளம்புவான். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே பாடுவான். அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு. செல்போனில் கிடார் ஓடும், அதன்மேல் இவன் குரல். நாங்கள் ஊருக்கு வீடியோவில் பேசுவதும் அப்போதுதான். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். எனக்கு அந்தப் பாட்டு தொந்தரவாக இல்லை. பிடித்தது என்றும் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் பாய் அவனைக் கேட்டார். "வெள்ளைக்காரன் பாட்டை நீ ஏன்யா தொண்டை கிழியப் பாடுற?"

இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அது அங்கே மலையில் கிடந்த ஏழைகளின் பாட்டு. பிடில் அவர்கள் கப்பலில் கொண்டுபோனது. தோல் கட்டின பாஞ்சோ வாத்தியம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்துப்போன ஆட்களுடையது. இரண்டும் சேர்ந்துகொண்டன. பிறகு ரேடியோ அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இவன் ஊரில் கல்யாணத்திலும் பஸ்ஸிலும் அதுதானாம்.

"எங்க ஊர்லயும்தான்," என்றான் பிலிப்பினோ. "லாரி, அம்மா, மழை, சாராயம். நாலும் வந்துட்டா பாட்டு கலாஸ், முடிஞ்சுது."

நேபாளி சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

மாற்றினால் கென்யாக்காரன் போக வேண்டியது கேட் பக்கத்து அறை. அங்கே பகல் முழுக்க ஆள் வந்துபோகும். பகலில் தூங்கினால்தான் இவனால் ராத்திரி விழித்திருக்க முடியும். டூட்டியில் கண் அசந்ததற்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கியிருந்தான். இன்னொன்று வாங்கினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இனி பாடமாட்டான். போதுமா?" என்றார் கேம்ப் பாஸ்.

கென்யாக்காரன் தலையாட்டினான். "மாஃபி பாட்டு. இனி இல்ல."

"அது பத்தாது," என்றார் அண்ணன்.

"வேற என்னண்ணே?" என்றேன்.

அவர் கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்க மவளுக்கு நாலு வயசு. போனை எடுத்தா அப்பான்னு ஒரு வார்த்தை இல்ல. 'பாட்டு மாமாவக் காட்டு'ங்கா. நான் மூஞ்சியக் காட்டினா 'தள்ளிப் போ'ங்கா. இவன் பாடாட்டியும் இங்கதானலேய் கெடப்பான். அவ இவனத்தான் கேப்பா."

நான் அதைக் கென்யாக்காரனுக்கு இந்தியில் சொன்னேன். அவன் கட்டிலைவிட்டு எழுந்தான்.

"பாட்டை நான் சொல்லித் தர்றேன், அண்ணா. நீயே பாடு. ரெண்டு நாள்ல வந்துடும்."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்க பிள்ளைகிட்ட பேசதுக்கு ஒனக்க பாட்டு வேணுமாக்கும்?"

அதை நான் இந்தியில் சொல்லவில்லை. அவனுக்கே விளங்கிவிட்டது.

"யல்லா, சீக்கிரம், எனக்குப் பார்க்க வேற ரூமும் உண்டு," என்றார் கேம்ப் பாஸ். "இவனை விட்டால் அஞ்சு பேர். மூணு கை வந்தால் மாத்தும். கை தூக்கு."

பாய் தூக்கினார். "விடியக்காலம் அடுப்பு பத்தவைக்கணும். எனக்குச் சத்தமில்லாம இருந்தா போதும்ப்பா."

நேபாளி சுவரைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். பிலிப்பினோ தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

அண்ணன் போன் பிடித்திருந்த கையையே தூக்கினார். கேம்ப் பாஸ் விரல் நீட்டி எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும் முன்பே கென்யாக்காரன் போர்வையை மடிக்க ஆரம்பித்திருந்தான்.

மூன்று.