வடைத் தட்டோடு வந்த கோமாளி அண்ணே

கோமாளி அண்ணே போய்விட்டார்… தூக்கத்திலேயே. காலையில் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

சொந்தப் பேர் பெருமாள். அந்தப் பேரைச் சொன்னால் எங்கள் தாமான் வீடுகளில் பாதிப் பேருக்கு ஆளே தெரியாது. ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் காவல் காக்கிற ஜாகா வேலை, திருவிழா நாடகத்தில் கோமாளி வேஷம். எனக்குத் தெரிந்து முப்பது வருஷமாக அவர்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாப்பா பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டை விற்றபோது மாரியம்மனையும் ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். நாடகமும் கூடவே வந்தது. எஸ்டேட்டில் விடிய விடிய நடக்கும். இங்கே பக்கத்து வீடுகளில் கம்ப்ளெய்ண்ட்… அதனால் ஞாயிறு மத்தியானம், அன்னதானம் முடிந்த கையோடு மண்டபத்தில்.

அது ஒரு ராணியின் கதை. பிள்ளை ஆற்றோடு போய்விடும். ராணி அன்னந்தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். மண்டபமே மூக்கைச் சிந்தும்.

அப்போது பார்த்து கோமாளி அண்ணே அரண்மனைச் சமையல்காரனாக, வடைத் தட்டோடு வருவார். ராணியிடம் கெஞ்சுவார், கொஞ்சுவார், கடைசியில் தானே ஒன்றை எடுத்துக் கடிப்பார். பிறகு கீழே இறங்கி வந்து ஜனங்களில் ஒருத்தருக்கு ஒரு வடை கொடுப்பார். அன்னதானத்து வடைதான்… ஆனாலும் அந்த ஒன்றுக்கு அவ்வளவு போட்டி. பிரசாதம் மாதிரி.

எனக்கு மட்டும் பிடிக்காது. ஆத்தா சன்னதியில், ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற நேரத்தில் என்ன சிரிப்பு? கமிட்டி மீட்டிங்கில் ரெண்டு தடவை சொன்னேன். கோமாளி அண்ணே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷத் திருவிழா… அப்போது என் தங்கச்சி கோமதியின் மகன் மோட்டார் விபத்தில் தவறி எட்டு மாதம். ஒரே பிள்ளை.

கோமதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயம். சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். நானும் வெள்ளிக்கிழமை விரதம், எலுமிச்சை விளக்கு, என்னென்னவோ வேண்டிப் பார்த்தேன்.

அந்தத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று அவளே சொன்னாள். வந்தவள், நாடகமும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கோமாளி அண்ணனைப் பிடித்தேன். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கோமதி வந்திருக்கா. இந்த ஒரு வாட்டி நீங்க மேடைக்கு வராதீங்கண்ணே. அவ தாங்க மாட்டா.”

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “நான் வரலேன்னா அவ அந்த ராணியோட தனியா உட்கார்ந்திருக்கணும்லா, தங்கச்சி.”

பிறகு, அவள் பசியாறினாளா என்று கேட்டார். இல்லை என்றேன். மூக்குக்குச் சிவப்புச் சாயம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

கோபத்தோடு வந்து கோமதியைக் கடைசி வரிசையில், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாற்றி உட்கார வைத்தேன். நடுவில் எழுந்து போக வசதி. உடனே ஓட்டிக்கொண்டு போகக் காடிச் சாவியையும் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

பிள்ளை போனது. ராணி உட்கார்ந்தாள். கோமதி முகம் கல் மாதிரி…

அப்புறம் தட்டு வந்தது. அவர் மேடையை விட்டு இறங்கினார். முன் வரிசையில் பத்துக் கை நீண்டது. அத்தனையையும் தாண்டி நேராக எங்களைப் பார்த்து வருகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறேன்.

கோமதி முன்னால் மண்டி போட்டார். முழங்கால் வலிக்காரர்… தட்டு ஆடியது.

“தாயி, ராணி திங்க மாட்டேங்கறாங்க. மிச்சம் கொண்டு போனா ராஜா என்னையத்தான் சட்டியில போட்டு பொரிப்பாரு. என் உசுரக் காப்பாத்தும்மா. பாதி போதும்.”

மண்டபம் சிரித்தது. கோமதி அந்த வடையையே பார்த்தாள். எடுத்தாள். ஒரு கடி கடித்தாள்.

“உப்பே இல்லண்ணே.”

அவர் மெதுவாக மேடைப் பக்கம் திரும்பினார். “ராணியம்மா, நீங்க திங்காதது சரிதான்.”

கோமதி சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. சிரித்த வாய் மூடவில்லை, அப்படியே அழ ஆரம்பித்தாள்… என் மடியில் விழுந்து, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி.

மேடையில் ராணி வேஷக்காரர் வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கோமாளி அண்ணே எழுந்திருக்க முடியாமல் என் நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயந்திரம் கோமதி ரசம் ஊற்றி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அவரிடம் நான் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் என் டீயை நானே அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். குடித்தார்.

இன்றைக்கு மத்தியானம் கோமதியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம். யார் சொல்லியும் கேட்கவில்லை. கோமதி எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் கோப்பி கலக்கி எடுத்து வந்து, அண்ணி முன்னால் மண்டி போட்டாள்.

“அண்ணி, நீங்க குடிக்கலேன்னா அண்ணே என்னையத்தான் சட்டியில போடுவாரு. பாதி போதும்.”

அண்ணி அழுகையோடேயே சிரித்தார்… கோப்பையை வாங்கிக்கொண்டார்.

நாளைக்கு மத்தியானம் எடுக்கிறார்கள். முடிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாங்கண்ணே. ஆத்தா காலடியில் உட்காருங்க… சும்மா உட்காராதீங்க, ஏதாச்சும் சேட்டை பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.