சோப்பு அப்பிய டியூப்

திண்டிவனம் பட்டறையில், பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த பழைய காரில் பெட்ரோல் போகும் ரப்பர் டியூப்பை மெக்கானிக் அறுத்ததும் பெட்ரோல் நெடி ஏறியது.

அது கசியும்போதெல்லாம் பெரியப்பா துணி சோப்பை அப்பி, குங்குமமும் வைப்பார். அதுதான் அவர் கண்ட வைத்தியம்.

"நெடி தாங்கலைங்க," என்பாள் அம்மா.

"கார்ல போனா அப்படித்தான். பஸ்ல வர்றியாம்மா?" என்று பெரியப்பா இளிப்பார்.

என் சின்ன வயதில் ஒருமுறை கிளியனூர் அருகே பானெட்டுக்குள் தீப்பிடித்தபோது முதலில் இறங்கி ஓடியவர் அவர்தான். அம்மாதான் பிள்ளைகள் எங்களை வெளியே இழுத்துப் போட்டு, மண்ணை வாரி இறைத்து அணைத்தாள். விழுப்புரம் திரும்பியதும், "குங்குமம் வெச்சதால தப்பிச்சோம்," என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இன்று அவர் மகன் பக்கத்தில் நின்று, "ஸ்டீல் பைப்பு எதுக்குடா? அப்பா சோப்பு வெச்சே ஓட்டிக்கினு இருந்தாரே," என்றான்.

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நாளை இந்தக் காரில் அம்மா உட்காரப் போகிறாள்.

"எல்லாத்தையும் ஸ்டீலா மாத்துங்க," என்றேன் மெக்கானிக்கிடம். பிறகு திரும்பி, "அண்ணே, நீ பஸ்ல வா," என்றேன்.