கெட்டி ஒயிலும் பாலுவின் துரோகமும்

இன்று கொட்டகலையில் என் நெஞ்சே வெடித்துவிட்டது நண்பர்களே.

என் காரை உங்களுக்குத் தெரியும். நாற்பது வயது. இறம்பொடை ஏற்றத்தில் பத்துப் புது வேன்களைப் பின்னால் விட்ட எஞ்சின். பதினைந்தாகவும் இருக்கலாம்.

"பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஒயில்தான். சிந்தெட்டிக் மெல்லிய ஒயில், ஊற்றினால் ஒழுகிவிடும்" என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். மெக்கானிக் பாலு பக்கத்தில் நின்று தலையாட்டுவான். போன மாதம்கூட எனக்குக் கெட்டி ஒயில்தான் ஊற்றினான்.

இன்று சொல்லாமல் அவன் கராஜுக்குப் போனேன். என்னுடையதைவிடக் கிழடான தன் காருக்கு சிந்தெட்டிக் ஊற்றிக்கொண்டிருக்கிறான்!

"என்னடா பாலு இது?"

"ஒயில் ஒழுகாம தடுக்கிற சீல் நல்லா இருந்தா ஊத்தலாம் அண்ணே. நம்ம மலைக் குளிருக்குக் கெட்டி ஒயில் சட்டுனு எஞ்சின் மேல ஏறாது, எஞ்சின் தேயும். அதான் காலையில உங்க கார் அந்த இருமு இருமுது."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"நீங்க எங்கண்ணே பேச விட்டீங்க?"

பன்னிரண்டு வருஷ நட்பு! என் எஞ்சின் தேயத் தேயப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

என் பேச்சைக் கேட்டுக் கெட்டி ஒயில் ஊற்றியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். திட்டுவதென்றால் பாலுவை மட்டும் திட்டுங்கள்.