உண்மைக் காரணத்துக்குப் பாஸ் இல்லை

இன்று காலை அண்ணனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேரளத்துப் பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளை செக்போஸ்ட்டுக்குப் போனேன்.

அண்ணன் குடிக்காமல் மூன்று நாளாகிறது. கை நடுங்குகிறது. இங்கே குடி நிறுத்தும் வார்டைக் கொரோனா வார்டாக்கிவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் உண்டு என்றார்கள்.

ஊரடங்கில் எல்லை தாண்டுவதற்கென்றே எங்கள் தெருவில் ஒரு கல்யாணக் கார்டு கைமாறுகிறது. தேதி மட்டும் பேனாவால் மாறும். பக்கத்து வீட்டு பிஜு அதைக் காட்டியே மூன்று முறை போய்வந்தான். நானும் வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

அண்ணன் அதைத் தொடவில்லை. “எலே, இனி பொய் சொல்ல மாட்டேன்னு கர்த்தர்ட்ட சொன்னதாக்கும்.”

போலீஸ்காரரிடம் நேராகவே சொன்னார். “சாரே, குடி நிறுத்தப் போறேன்.”

அவர் கையிலிருந்த பாஸ் காரணங்களின் லிஸ்டை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லை. “மக்கா, இதுல கல்யாணம் உண்டு, சாவு உண்டு, பிரசவம் உண்டு. குடி நிறுத்துறது இல்லியே. திரும்பிப் போங்க.”

அதற்குப் பிறகு கார்டை எப்படி நீட்டுவது?

திரும்பும் வழியில் மதுக்கடை. போனில் டோக்கன் காட்டியவர்களை வரிசையாக உள்ளே விடுகிறார்கள். அண்ணன் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நிறுத்தாத, போ லே” என்றார்.

பதினோரு வருடத்தில் அண்ணன் குடியைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை. போலீஸ்காரர் அதை முழுசாக நம்பினார். அதனால்தான் விடவில்லை.

நாளைக்கு வேறு போலீஸ்காரர் டியூட்டியாம். திருந்திய மனிதனை ஒரே ஒரு பொய் சொல்லவைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.