செவ்வந்தியோடு வேலை கேட்கப் போனேன்

நாப்போலியில் இரவு ஏறிய கப்பல் பாலெர்மோத் துறைமுகத்தைத் தொட்டபோது விடிந்திருந்தது. மற்றப் பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையையும் கோபுரங்களையும் பார்த்தார்கள். நான் பார்த்தது கரையில் நின்ற பொலிஸ்காரர்களை மட்டும்தான். பையிலிருந்த கடவுச்சீட்டில் விசா முடிந்திருந்தது. ஒரு பொலிஸ்காரன் என் முகத்தை நேரே பார்த்துக் கொட்டாவி விட்டான். கேள்வி ஒன்றுமில்லை.

வாசலில் அத்தான் நின்றார், என் அக்காவின் புருஷன். அக்கா பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் இருக்க, இவர் இங்கே வீட்டுவேலை செய்து காசு அனுப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறோம், கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

“கிட்ட வராதை. கொஞ்சம் விட்டுப் பின்னாலை வா,” என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

முதல் திருப்பத்திலேயே துவக்கோடு இரண்டு இராணுவத்தினர் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் பழகிய கால், என்னைக் கேட்காமலே திரும்பிப் பக்கத்து ஒழுங்கைக்குள் பாய்ந்துவிட்டது. அத்தான் துரத்தி வந்து கையைப் பிடித்தார்.

“எட விசரா! ஓடினால்தான் பிடிப்பாங்கள். உவங்கள் எங்களைத் தேடேல்லை. உந்த வீட்டிலை ஒரு நீதவான் இருக்கிறார். மாஃபியாக்காரர் குண்டு வைச்சுப்போடுவாங்கள் எண்டு காவல் நிக்கிறாங்கள்.”

நீதவானுக்கே இந்த நிலைமையென்றால் எனக்கு என்ன கதியோ என்று அவருக்குப் பின்னால் நடந்தேன்.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், நான்காம் மாடியில் அவருடைய அறை. கீழே மீன்காரர் போடும் கூச்சல் ஜன்னலால் அப்படியே உள்ளே வந்தது. சோறும் சூடைமீன் குழம்பும் போட்டுத் தந்துவிட்டு அத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்குப் பொலிதேயாமாச் சதுக்கத்துக்கு வா. நான் வேலை செய்யிற கட்டிடத்திலை, கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, அவவின்ரை ஏலாத புருஷனைப் பாக்க ஆள் வேணுமாம். அவ கையெழுத்து வைச்சால்தான் உனக்குப் பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற அனுமதி. இல்லையெண்டால் பிடிச்சுத் திருப்பி ஏத்திவிடுவாங்கள். படிச்சனான் எண்டு மட்டும் வாய் திறந்திடாதை. படிச்சவன் பேப்பர் கிடைச்ச உடனை ஜேர்மனிக்குப் பாஞ்சிடுவான் எண்டு இவையளுக்குப் பயம்.”

“அப்ப ஊரிலை என்ன செய்தனான் எண்டு சொல்லுறது அத்தான்?”

“தோட்டம் எண்டு சொல்லு.”

சித்திரக் கலையில் பட்டம் வாங்கி, ஆசிரியர் நியமனம் வருமென்று காத்திருந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, பிறகு அந்தக் கடைகளும் மூடிப்போக வெளிக்கிட்டவன் நான். தோட்டக்காரன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கத்தரிக்கன்று நடும் மாதத்தைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அத்தான் முன்னதாகவே வேலைக்குப் போய்விட்டார். நான் வியா ரோமாத் தெரு வழியாக நடந்தேன், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அது அக்டோபர் கடைசி. தெருவோரமெல்லாம் பூக்கடைகள், கடையெல்லாம் செவ்வந்தி. சனம் அள்ளி அள்ளி வாங்குகிறது. ஏதோ பெருநாள் வருகிறது போல என்று நினைத்தேன். ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகும்போது வெறுங்கையோடு போவதா? அதுவும் கோயிலுக்கு வைக்கிற பூ. ஐயாயிரம் லீரா கொடுத்து நல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கட்டு வாங்கினேன். அதன்பிறகு கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

சிஞ்ஞோரா கதவைத் திறந்தாள். சிரிக்கப் போன முகம் பூவைக் கண்டதும் வெளிறியது. நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு கட்டிடமே அதிரக் கத்தினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பொலிஸைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஓடினால் பிடிப்பார்கள் என்பது ஒன்றுதான் தெரியும், அதனால் பூக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

சத்தம் கேட்டு அத்தான் மேல் வீட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பூவைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“ஐயோ, நாசமாய்ப் போச்சு! செவ்வந்தி இஞ்சை செத்தவைக்குத்தான்ரா! இறந்தவையின்ரை திருநாள் வருது, கல்லறையிலை வைக்கச் சனம் வாங்குது. நீ அதைக் கொண்டந்து, ஏலாமல் கிடக்கிற மனுசன்ரை வீட்டு வாசல்லை நிக்கிறாய்!”

அப்போதுதான் உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், எலும்பும் தோலுமாக, இருமி இருமிச் சிரித்தார். என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அத்தான் மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்.

“இந்த வீட்டிலை எல்லாரும், டொக்டர் உட்பட, நான் எழும்பி நடப்பன் எண்டு பொய் சொல்லீனம். இவன் ஒருத்தன்தான் உண்மையைக் கொண்டந்திருக்கிறான், இவன் நிக்கட்டும் எண்டு சொல்லுறார்.”

கத்தரிக்கன்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அன்றே வேலையில் சேர்ந்தேன். குளிர் முடிவதற்குள் சிஞ்ஞோரா கையெழுத்தும் வைத்தாள். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் விடியமுன் போய் வரிசையில் நின்று பெர்மெஸ்ஸோ வாங்கி வந்தபோது அத்தான் இனிப்பு வாங்கித் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்: “இந்த வேலை இருக்குமட்டும்தான் இது. கிழவனைக் கவனமாய்ப் பார்.”

ஊரில் வேலை கிடைக்காது என்று பயந்தேன். இங்கே வேலை கிடைத்த நாளிலிருந்து அது எப்போது நிற்குமோ என்று பயப்படுகிறேன். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் விழும் கிழவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கன்னத்து மஞ்சளில் சாம்பல் எவ்வளவு கலந்திருக்கிறது, நகத்தடியில் இரத்தச் சிவப்பு இருக்கிறதா என்றெல்லாம் தேடுவேன். நிறம் பார்க்க நாலு வருடம் படித்த படிப்பு, இதற்குத்தான் உதவுகிறது.

இன்று காலை உதட்டோரத்தில் நீலம் கூடியிருந்தது. அவர் கண் திறந்து, வழக்கம்போல் இன்றைக்கு எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்.

“பெனே,” என்றேன். நல்லாயிருக்கிறீர்கள். “மோல்தோ பெனே.” மிக நல்லாயிருக்கிறீர்கள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.